மணிலாவும் முத்துலிங்கம் மாஸ்டரும்

தலவாக்கலையில் மஃறூப் நானாவின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த வாசிகசாலையில், உலக விவகாரம் என்றால் அது முத்துலிங்கம் மாஸ்டரின் சொத்து. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் பாடம் நடத்துவார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் கூட்டத்தில் மட்டும் ருஷ்யாவுக்கும் இங்கிலாந்துக்கும் புத்தி சொல்லுவார். கொரியாவில் சண்டை மூண்டபோது, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். எப்போது என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது வருஷமாகவே கேட்டதில்லை.

1951இல் தோட்ட ஆபீசுக்குப் புதுக் கிளாக்கராகக் கணேசமூர்த்தி வந்து சேர்ந்தார். கோட்டும் தடித்த இங்கிலீஷ் புத்தகமும் கூடவே வந்தன. மூன்றாம் மாதமே, கூட்டத்தை நடத்தும் நானா அவரைப் பேசக் கூப்பிட்டுவிட்டார். தலைப்பு: 'பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா மீட்ட வரலாறு.'

மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"நேத்து வந்தவன், இவனுக்கு மேடையா?" என்றார் மனைவி பேச்சியம்மாவிடம்.

"நல்லாப் பேசுவாராமே" என்றாள் அவள். அதற்குப் பிறகு ரசமும் இறங்கவில்லை.

கூட்டத்தன்று உட்கார இடமில்லை. மாஸ்டர் பேசும் நாளில் இடத்துக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது.

"1898. மணிலா நகரம் ஸ்பெயின்காரன் கையில இருக்கு" என்று தொடங்கினார் கிளாக்கர். "அமெரிக்காக்காரனும் ஸ்பெயின்காரனும் முன்கூட்டியே பேசி வச்சுக்கிட்டு ஒரு பொய்ச் சண்டை போட்டாங்க. ஸ்பெயினுக்கு மானமும் போகல, ஊரும் கைமாறிருச்சு."

"நம்மள வேலை வாங்குற கண்டாக்கும் கங்காணியும் நம்ம முன்னால போடுற சண்டை மாதிரி!" என்றான் தோட்டத் தொழிலாளி பழனியாண்டி. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அத்தனை சிரிப்பும் தனக்கு வரவேண்டியது.

எழுந்தார். இந்த ஒரு கேள்விக்காக நுவரெலியா வரை பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"மீட்டாங்கன்னு சொல்றீங்க. மீட்டவன் எதுக்குங்க ஸ்பெயினுக்கு ரெண்டு கோடி டாலர் குடுத்தான்?"

"அருமையான கேள்வி. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் கிளாக்கர் குளிர்ச்சியாக. "மாஸ்டர் நல்ல மாணவர்."

கைதட்டல் கிளாக்கருக்கு. நல்ல மாணவராம்! மாஸ்டர் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார்.

கிளாக்கர் புத்தகத்தைத் தூக்கிப் படம் காட்டினார். "பாருங்க, அமெரிக்க அதிகாரிக்கு அந்த ஊர்ச் சனங்க மாலை போடுறாங்க. எவ்வளவு சந்தோஷம்!"

பின்வரிசையில் கொழுந்து பறிக்கும் அழகம்மா எழுந்தாள்.

"நானும் மாலை போட்டிருக்கேங்க, கிளாக்கர் ஐயா. போன வருஷம் ஒருநா காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நின்னோம். 'நீதான் ஒசரம், துரை கழுத்துக்கு ஒன் கைதான் எட்டும்'னு கண்டாக்கையா என்னையக் கூப்பிட்டாரு. போட்டேன். படமும் புடிச்சாங்க. பழைய கம்பெனி தோட்டத்த வித்துருச்சு, இவரு புதுக் கம்பெனித் துரைன்னு சாயங்காலந்தான் லயத்து வீட்டுல சொன்னாங்க. அந்தப் படத்திலயும் நான் சிரிச்சுக்கிட்டுத்தாங்க இருப்பேன்."

கிளாக்கர் தன் படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"அடுத்த பக்கம் என்னங்க போட்டிருக்கு?" என்றான் பழனியாண்டி.

கிளாக்கர் புரட்டினார். இருமினார். "அப்புறம்... அமெரிக்காக்காரனுக்கும் அந்தச் சனங்களுக்கும் மூணு வருஷம் சண்டை நடந்திருக்கு. இது நெசச் சண்டை."

கட்டடம் அதிரக் கைதட்டினார்கள். கிளாக்கர் புத்தகத்தை மூடினார். எதிரி மண்ணைக் கவ்வியாயிற்று. மாஸ்டர் நெஞ்சு குளிர்ந்திருக்கவேண்டும். ஆனால் கவ்வவைத்தது இவரில்லையே!

அழகம்மா அதோடு விட்டாளா? "அன்னிக்கு 'எங்களை மீட்க வந்த ஒளியே'ன்னு துரைக்கு வரவேற்பு எழுதி வாசிச்சது நம்ம மாஸ்டர்தாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றாள், வஞ்சகமில்லாமல்.

எல்லாத் தலையும் திரும்பியது. மாஸ்டர் கூரையின் தகரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மஃறூப் நானா தன் கையாலேயே இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து அழகம்மாவிடம் நீட்டினார். மாஸ்டருக்குக் கடைப் பையன்தான் கொடுப்பது வழக்கம்.

"தங்கச்சி, அடுத்த மாசம் நீ பேசு."

"எனக்கெங்க நானா நேரம்? ஞாயித்துக்கெழம வெறகு பொறுக்கணும்" என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

நானா அடுத்த பெயரை யோசித்தார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். கிளாக்கரும் செருமினார். நானா இரண்டு பேரையும் பார்க்காமல், அவள் போன படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக்கு ஏறும் வழியெல்லாம் மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. கிளாக்கரை மறந்தே போயிருந்தார். தான் ஒன்பது வருஷம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த இடத்தை அழகம்மா வேண்டாமென்று விட்டுப்போக, அப்படி என்ன பெரிய விறகு!