கோடித் துணிக்கு விலை ஏற்றியவன்

சுவாமிநாதனுக்குப் படிப்புப் பைத்தியம் பிடித்தது கலியாணம் ஆன பிறகுதான். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையில் தேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் அண்ணன் கந்தவேலின் ஜவுளிக்கடையில் முழம் போட்டுத் துணி கிழித்துக்கொண்டிருந்த மனிதன், முப்பத்தெட்டாம் வருஷத்துப் பரீட்சைக்குப் பொருளாதாரத்தைக் கூடுதல் பாடமாக எழுதப்போகிறேன் என்று கிளம்பினால் தெரு சிரிக்காதா? சிரித்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு சூப்பர்வைசர் வேலை வருகிறது, அந்தப் பாடத்தில் தேறியவனுக்குத்தான் முதல் இடம் என்று யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். வேலை கிடைத்தால் அண்ணனிடம் கை நீட்ட வேண்டாம். மாசியில் பிறக்கப்போகும் தலைச்சன் பிள்ளைக்குத் தன் காசிலேயே அரைஞாண் கட்டலாம்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அட்டை போன இங்கிலீஷ் புத்தகம் ஒன்று, அகராதி ஒன்று, எழுதிப் பார்க்க நாற்பது பக்க நோட்டு ஒன்று. அவனுடைய சர்வகலாசாலை அவ்வளவுதான். புரிந்ததைத் தமிழில் எழுதிக்கொள்வான். புரியாததைக் கடையில் செய்து பார்ப்பான். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்றது புத்தகம். மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்துக்குக் கடைக்கு இவன்தானே ராஜா? துண்டுக்கு அரையணா ஏற்றிச் சொல்லிப் பார்த்தான். மூன்று வாங்க வந்தவன் இரண்டோடு போனான். சுவாமிநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே நோட்டில் எழுதினான்.

ஒரே ஒரு சரக்கு மட்டும் புத்தகத்துக்குப் பிடி கொடுக்கவில்லை. அதுதான் கோடி. செத்தவர் மேல் போர்த்துகிற புதுத் துணி. அதற்கு யாரும் பேரம் பேச மாட்டார்கள். பேசினால் அந்த வீட்டுக்கே இன்னொரு கோடி எடுக்க வேண்டிவரும் என்று பயம். படி ஏறிய கடையை விட்டு வேறு கடையில் போய் எடுக்கவும் மாட்டார்கள். விற்கிறவனுக்கும் கட்டு உண்டு. கோடி கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது, சொன்னால் சாவு அவன் வீட்டுப் படி ஏறும். கேட்டதைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் காசை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தை மாதத்தில் ஒரு நாள், உச்சி வெயிலில், ஒரு அம்மாள் வந்தாள். நாற்பது வயது இருக்கலாம். முகம் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் எங்கேயோ பார்த்துப் பழகிய முகம் போலவே இருந்தது. கோடி வேண்டும் என்றாள். கோடிக்கும் விலையை ஏற்றிப் பார்த்தால் என்ன என்று சுவாமிநாதனுக்குச் சட்டென்று தோன்றியது. அண்ணன் அறிந்தால் தோலை உரித்துவிடுவார். ஒரு ரூபாய்த் துணிக்கு ஒரு ரூபாய் இரண்டணா என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, துணியை மடித்தான். வாயைத் திறக்கவே இல்லை. நிமிர்ந்தால் பலகையில் ஒரு ரூபாய் இரண்டணா இருந்தது. அவள் துணியோடு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கடைவாசல் வழியாக வெற்றிலை வியாபாரி சின்னுசாமியின் பாடை போயிற்று. மேலே கிடந்த கோடியின் ஓரத்தில் நீல நூல் ஓடியது. இந்தக் கடைக்கென்று இளம்பிள்ளை ஊரில் தனியாக நெய்து வாங்குகிற சரக்கு அது. பாவம், நல்ல மனுஷன் என்று சுவாமிநாதனும் கும்பிட்டான். கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் இதே சின்னுசாமி இவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாரே! அந்த அம்மாள் துணி வாங்கியது மத்தியானம் அல்லவா?

அடுத்த பதினைந்து நாளில் அவள் இரண்டு தரம் வந்தாள். ஒரு தரத்துக்கு மறுநாள் முறுக்குச் சுடும் சுப்பம்மாள் போனாள். இன்னொரு தரத்துக்கு மறுநாள் காளை மாதிரி இருந்த தறிக்காரன் காளியப்பன் போனான். இரண்டு பேர் மேலும் நீல நூல் ஓடிய கோடி கிடந்தது. இரண்டு தரமும் இவன் மனசில் வைத்த விலை, கால் அணாகூடக் குறையாமல், கேட்கும் முன்னே பலகைக்கு வந்தது. காளியப்பன் வீட்டில் விசாரித்தான். யாரோ ஒரு அம்மாள் கொண்டுவந்து போட்டாள், சொந்தம் என்று நினைத்தோம் என்றார்கள். இழவு வீட்டில் அழுகிற பெண்பிள்ளையிடம் யார் பேர் கேட்பார்கள்? அண்ணனிடம் மெல்ல ஆரம்பித்தான். படித்துப் படித்து உனக்கு மூளை வெந்துபோயிற்று என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

சுவாமிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பெரியநாயகி பிரசவத்துக்கு இளம்பிள்ளையில் தாய் வீட்டில் இருந்தாள். அடுத்த கோடி யாருக்கு என்பதே அவனுக்கு நினைப்பாயிற்று. கேட்டு வந்தவளிடம் இல்லை என்று சொல்ல முடியாது. கையில் இருந்தது விலை ஒன்றுதான். எந்தச் சரக்குக்கும், வாங்க வந்தவன் கையை இழுத்துக்கொள்ளும் விலை ஒன்று உண்டு என்று புத்தகம் சொல்லியிருந்தது. அந்த வரியை மாரியம்மன் திருநீறு போலப் பிடித்துக்கொண்டான்.

மாசி பிறந்து எட்டாம் நாள், வண்டிக்காரன் சென்றாயன் இளம்பிள்ளையிலிருந்து துணிக்கட்டு கொண்டுவந்தான். கூடவே சேதியும் வந்தது. கோழி கூப்பிட்டதிலிருந்து பெரியநாயகிக்கு வலி, மருத்துவச்சி கையைப் பிசைகிறாள். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். சென்றாயனை அவரை அழைத்துவர அனுப்பிவிட்டு, அவர் வந்ததும் கிளம்ப சைக்கிளைத் திண்ணையோரம் சாய்த்து வைத்தான். திரும்பிப் பார்த்தால் பலகைக்கு முன்னால் அந்த அம்மாள் நின்றாள்.

"ரெண்டு வேணுமுங்க. பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு."

அவன் மனசில் எந்த விலையும் ஓடவில்லை. பலகையில் காசு விழவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் விலை கேட்டாள்.

"பெரிசோ சின்னதோ, ஒண்ணு பதினஞ்சு ரூவா," என்றான். அது அவனுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒவ்வொரு ரூபாயாக எடுத்து வைத்தாள். பதினாறோடு முடிச்சு காலி.

"இவ்வளவுதானுங்க இருக்குது. கொஞ்சம் கொறைச்சீங்கன்னா ரெண்டையும் எடுத்துக்குவேன்."

"கொறைக்க முடியாது."

"அப்ப ஒண்ணுதானுங்க." அவளுக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. "எதைக் குடுக்கறீங்க?"

தெருவில் மூட்டை வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எதிர்க்கடையில் யாரோ மிளகாய் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சுவாமிநாதன் பெரிய துணியைப் பார்த்தான், சின்னதைப் பார்த்தான். பெரியநாயகி சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்வது ஞாபகம் வந்தது. பிள்ளையின் முகம் ஞாபகம் வரவில்லை, அதற்கு இன்னும் முகமே இல்லையே.

"சின்னது," என்றான்.

அவள் பதினைந்தை நகர்த்திவிட்டு, மிச்சம் ஒன்றைத் திரும்ப முடிந்துகொண்டாள். "சரிங்க, வாரேனுங்க," என்று சொல்லிப் படி இறங்கினாள்.

அண்ணன் வரும்வரை காத்திருக்கவில்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு சைக்கிளை மிதித்தான். இளம்பிள்ளையில் மாமியார் அழுதுகொண்டு வாசலில் நின்றாள். பெரியநாயகி பிழைத்துக்கொண்டாள். ஆண் பிள்ளை, மூச்சில்லாமல் பிறந்திருந்தது. அதன் மேல் ஒரு சின்னத் துணி, ஓரத்தில் நீல நூல். யார் கொண்டுவந்தது என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கு அழுத அழுகையில் பாதி துக்கம், பாதி சந்தோஷம். அந்தப் பாதிச் சந்தோஷத்துக்காக அவன் தன்னையே வெறுத்தான்.

பங்குனியில் பரீட்சை. ஒரு சரக்கின் விலை ஏறினால் தேவை குறையும் என்பதை உதாரணத்தோடு விளக்கு என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் அரிசி என்றும் எண்ணெய் என்றும் எழுதியிருப்பார்கள். இவன், இரண்டு துணி எடுக்க வந்தவள் விலை ஏறியதால் ஒன்றோடு போனாள் என்று எழுதினான். தேறினான், வேலையும் கிடைத்தது. பெரியநாயகியிடம் எதுவும் சொல்லவில்லை. ஆறிப்போன புண்ணைக் கிளறுவானேன் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான்.

ஆவணியில் தனிக்குடித்தனம் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பெட்டியை ஒழித்த பெரியநாயகி அந்த நோட்டை எடுத்துப் பிரித்தாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். துண்டு, வேட்டி, சேலை எல்லாம் தாண்டி, இழவு கழிந்து அவன் எழுதிவைத்திருந்த மாசி எட்டாம் தேதிப் பக்கத்தில் விரல் நின்றது. கோடி, வந்தது இரண்டுக்கு. கையில் பதினாறு. சொன்ன விலை பதினைந்து. எடுத்தது சின்னது ஒன்று. தேதியைத் திரும்பவும் படித்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

சுவாமிநாதன் எல்லாவற்றையும் சொன்னான். உன்னை விட முடியவில்லை, வேறு வழி தெரியவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திரும்பவும் விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"ஏனுங்க," என்றாள் கடைசியில், "அந்தம்மா கையில பதினாறுதான இருந்துச்சு?"

"ஆமா."

"பதினேழுன்னு ஏத்திச் சொல்லியிருந்தா?"

பொருளாதாரத்தில் தேறிய சூப்பர்வைசர் அந்தக் கணக்கை அப்போதுதான் முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தான்.