மேல்தாடை பதினேழு

டேப்லெட்டில் இடமில்லை என்ற அறிவிப்பு மூன்று நாளாக வந்துகொண்டிருந்தது. அத்தானிடம் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பார். நான்தான் பார்க்கவேண்டும் என்பது அதற்கு அர்த்தம். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதர் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்து நான் கண்டதில்லை. பல் செட் செய்யும் எங்கள் கடையில் ஆட்கள் நாங்கள் இரண்டே பேர். பல் டாக்டர் நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார். அதை டேப்லெட்டில் இறக்கிப் பார்த்து அத்தான் பல் அடுக்குவார், நான் தேய்த்து மெருகேற்றுவேன்.

சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து டவுன்லோட்ஸைத் திறந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல்தாடை. மேல்தாடை (1). மேல்தாடை (2). இப்படியே இருபத்தாறு வரைக்கும். ஒரே கோப்பை இருபத்தேழு தடவையா இறக்குவார் ஒரு மனிதர் என்று தலையில் அடித்துக்கொண்டேன். எண் இல்லாத முதல் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பிறகு வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று அழகாகப் போல்டர் போட்டு, அவர் வந்து பாராட்டுவார் என்று காத்திருந்தேன். எனக்கு அன்று ஏழரை பிடித்திருந்தது, வேறென்ன சொல்ல.

அத்தான் வந்தார். ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளில் ஒன்றை உருவிக்கொண்டு டேப்லெட்டைத் தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார். கடைசியில் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“பதினேழு எங்கம்மா?”

டாக்டரின் ஸ்கேன் கருவி யார் வாயைப் படம்பிடித்தாலும் ‘மேல்தாடை’ என்றுதான் பெயர் வைக்குமாம். ஒரே பெயரில் அடுத்த கோப்பு வந்தால் டேப்லெட் தானாக ஒரு எண்ணைச் சேர்க்கும். பெயர் மாற்றச் சோம்பல்பட்ட அத்தான், அந்த எண்ணையே நோயாளியின் சீட்டில் எழுதி ஆணியில் குத்திவந்திருக்கிறார். எனக்கு அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் அழித்தது நகல்கள் இல்லை, இருபத்தாறு பேருடைய வாய்.

இருபத்தைந்து பேரைப் பற்றிக் கவலை இல்லை. சிலருக்கு வேலை முடிந்துவிட்டது, மற்றவர்களுக்குப் பல் இன்னும் வாயில்தான் இருந்தது, மறுபடி ஸ்கேன் செய்யலாம். பதினேழு அப்படியில்லை. தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. நோயால் ஆட்டம் கண்ட மேல்வரிசை முழுவதையும் மூன்று வாரத்துக்கு முன்னால் பிடுங்கியாகிவிட்டது. இடப்பக்கத் தெத்துப்பல் போய்விடுமே என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டவர். அது ஸ்கேனில் பத்திரமாக இருக்கிறது, புது செட்டில் அதே பல் அதே இடத்தில் வரும் என்று டாக்டர் வாக்குக் கொடுத்த பிறகுதான் பிடுங்கிக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டரின் நர்ஸுக்குப் போன் செய்தேன். கிடைத்தது என்று நாங்கள் அமுக்கியதுமே அவர்கள் பக்கம் அழிந்துவிடுமாம். அத்தான் அமுக்காமல் விட்டிருந்ததையெல்லாம் சனிக்கிழமை சுத்தம் செய்த கையோடு அமுக்கியது நான்தான். பிடுங்கிய பல்லாவது இருக்கிறதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அன்றைக்கே கழிவோடு போய்விட்டது என்றார். டேப்லெட்டைப் பழுதுபார்ப்பவரும் அரை மணி நேரம் குடைந்துவிட்டுக் கையை விரித்தார்.

திங்கட்கிழமை அந்த அக்காவை வரச்சொன்னோம். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார். சின்னதாக ஒரு தப்பு நடந்துவிட்டது என்று அத்தான் இழுக்கத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, உங்க பல்லோட ஸ்கேன நான் அழிச்சிட்டேன். இனிமே எடுக்க வழியில்ல.”

அவர் என்னைப் பார்த்தார், மேசைமேல் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். கைக்குட்டை பிடித்த கை தானாக இறங்கியது. அந்த வெறும் வாயைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சிரிக்கிற போட்டோ இருக்கிறதா என்று அத்தான் கேட்டார். இல்லையாம். பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்ததிலிருந்து ஒரு போட்டோவிலும் அவர் வாயைத் திறந்ததில்லையாம். அப்புறம் அந்தப் பல்மேல் ஏன் இத்தனை ஆசை என்று கேட்க என் வாய் துறுதுறுத்தது. கேட்காமலே சொன்னார்.

“எதையாவது யோசிச்சா நாக்கு அங்கதான் போய் உக்காரும். இப்பவும் போய்த் தேடுது.”

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, நாக்குக்குத் தெரியுமே என்றார். ஆறிய ஈறின் அச்சு ஏற்கெனவே வந்திருந்தது. அதன்மேல் மெழுகில் பல் அடுக்கி, தெத்துப்பல்லை ஒரு கணக்கில் நீட்டி, அவர் வாயில் வைத்தார். அந்த அக்கா கண்ணை மூடி நாக்கால் தடவினார். உடனே தலையை ஆட்டினார், இல்லை. இன்னும் கொஞ்சம் வெளியே. இரண்டாவதற்கும் உடனே இல்லை. கொஞ்சம் திரும்பியிருக்கும் என்றார். அவ்வளவு திட்டமாக அவர் சொல்லச் சொல்ல எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்து, இன்னும் உள்ளே என்றார். அத்தான் சூடான கத்தியால் மெழுகை இளக்கிப் பல்லைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஏழாவதற்கு வெகுநேரம் பிடித்தது. ஒன்பதாவதில் கண்ணைத் திறந்து, மூன்றாவதாக வைத்ததுதான் கிட்டத்தட்ட வந்தது, அதையே வையுங்கள் என்றார்.

மூன்றாவது எங்கே இருக்கிறது? அதே மெழுகைத்தானே உருக்கி உருக்கித் திருப்பினோம். அத்தான் ஞாபகத்திலிருந்து ஒன்றை வைத்தார். அந்த அக்கா தடவினார். அத்தான் அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். அந்த அக்கா அதையும் தடவினார். மெல்ல அவர் முகம் வெளுத்தது.

“இப்ப எல்லாமே என்னோடது மாதிரிதான் இருக்கு. எது பழசுன்னு தெரியல.”

சனிக்கிழமை நான் அழித்தது போக இன்னொரு நகல் அவர் நாக்கில் பத்திரமாக இருந்திருக்கிறது. உதவி செய்கிறோம் என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து அதையும் அழித்துவிட்டோம். அத்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றார்.

“யோசிக்க ஒண்ணுமில்லீங்க,” என்றார் அந்த அக்கா. “ஏதாவது ஒண்ண வெச்சிடுங்க.”