பூனையை அகற்றச் சொன்ன பெட்டி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிளேபாங் கடற்கரையில் தேங்காய் ஷேக் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கைப்பேசியில் சொன்னாள்: "இல்ல பாஸ், பூனைய வீட்ட விட்டு எடுத்தாத்தான் அம்மா மனசு சரியாகும்னு சிஸ்டம் சொல்லுது." அவள் சிரிக்கவில்லை. ஷேக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து இரண்டு வாரமாக நான் அந்தப் பூனையோடு குடித்தனம் நடத்துகிறேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: "மனித மனம் என்னும் ஆழ்கடலை அளக்க அறிவியல் இன்று" (இதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "பெம்பானில் பொழுது புலர்ந்தது. சேவல்" (கதை நடக்கும் பெம்பானில் இப்போது சேவலையே எழுப்பிவிடுவது ஃபேக்டரி பஸ்தான். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கத்தை எழுதுவதற்குள் பொறுமை போய்விட்டது. நேராகக் கதைக்கே போய்விடுவோம்.

2

அனுசியாவுக்கு இருபத்தொன்பது வயது. பாச்சாங்கில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் வேலை. அங்கே நான்கு பேர் சேர்ந்து ஒரு பெட்டி செய்கிறார்கள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பெயர் 'உள்ளம்'. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதை வைத்துவிட்டால், யார் யாரிடம் எந்த மனநிலையில் பேசினார்கள் என்று கேட்டுக் கேட்டு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வாரம் ஒரு அறிக்கை அனுப்பும். 'அம்மா சந்தோஷம் 62, அப்பா எரிச்சல் 40' என்கிற மாதிரி. போன் போட்டுப் பேசும் சிரமம் பிள்ளைகளுக்கு மிச்சம்.

விற்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. "எங்க வீட்லயே வைக்கிறேன் பாஸ்" என்றாள் அனுசியா. பாஸ் என்பது தனேஷ். அவளைவிட ஒரு வயது சின்னவன்.

பெம்பான் வீட்டில் இருப்பது இரண்டு பேர். அனுசியாவின் அம்மா மோகனா. அப்பாவின் அக்காள் திலகவதி, அதாவது அனுசியாவுக்கு அத்தை, மோகனாவுக்கு அண்ணி. அப்பா இறந்து ஏழு வருடமாகிறது. அந்த ஏழு வருடமும் இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

3

இங்கே எனக்குக் கொஞ்சம் சிக்கல். திலகவதியை முதலில் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். பிறகு மோகனாவை எழுதிப் பார்த்தேன். இரண்டு பேருக்குமே அந்த வேஷம் ஒட்டவில்லை. காரணம் அதைவிடச் சின்னது, அதனால்தான் ஏழு வருடம் தாங்கியது. அனுசியாவின் அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய காலையில், மோகனா பதினோரு பேருக்கு போன் போட்டு முடித்த பிறகுதான் திலகவதிக்குப் போட்டார்.

"கூடப் பொறந்தவ நான். பன்னெண்டாவது ஆளா எனக்குச் சொல்றா. எனக்கு முன்னாடி கேஸ் கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு!" என்று திலகவதி பதினாறாம் நாளன்று சொன்னதுதான் கடைசி. அதுவும் வந்தவர்களிடம் சொன்னது, மோகனாவிடம் அல்ல.

மோகனா ஏன் அப்படிச் செய்தார்? எனக்குத் தெரியும், சொல்கிறேன். தம்பி போய்விட்டான் என்று அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டார். பதினோராவது போனில்தான் அழாமல் சொல்ல வந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அனுசியாவுக்கும் தெரியாது. எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

4

பேச்சுவார்த்தை இல்லை என்றேனே தவிர, வீடு அமைதியாக இருந்தது என்று சொல்லவில்லை. வீட்டில் ஒரு கறுப்புவெள்ளைப் பூனை இருந்தது.

"ஏ பூன, தேத்தண்ணி ஆறுதுல்ல? ஆறவிட்டுக் குடிச்சிட்டு அப்புறம் வயிறு சரியில்லன்னு யாரும் மூஞ்சத் தூக்கக் கூடாது." இது மோகனா.

"பூன, இவ்ளோ உப்பப் போட்டா அதுக்குப் பேரு சாம்பாரா? பிரஷர் ஏறி விழுந்தா யாரு தூக்குறது? சமைச்சவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்." இது திலகவதி.

பூனை நெத்திலி தின்றுவிட்டுத் தூங்கும். ஏழு வருடமாக அந்த வீட்டின் சமையல், மருந்து, கோயில், துணி எல்லாம் இப்படித்தான் நடந்தன. நம் ஆட்கள் இதை ஜாடைப் பேச்சு என்பார்கள். அனுசியா இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். மீன் தண்ணீரைக் கவனிக்காத மாதிரி அவள் இதைக் கவனித்ததில்லை. பெட்டியைப் பொருத்தும்போது படிவத்தில் 'செல்லப்பிராணி: ஒன்று' என்று மட்டும் நிரப்பினாள்.

முதல் வார அறிக்கை வந்தது. அப்படியே தருகிறேன்.

'இவ்வீட்டில் அதிகம் உரையாடப்படுபவர்: பூனை. பூனை தேநீரை உரிய நேரத்தில் அருந்துவதில்லை. பூனை சாம்பாரில் உப்பைக் கூட்டுகிறது. பூனை மீது இரு பெண்களும் நாளொன்றுக்கு முப்பத்தெட்டு முறை சினம் கொள்கின்றனர். மோகனா, திலகவதி ஆகியோரிடையே எவ்விதப் பிணக்கும் பதிவாகவில்லை. பரிந்துரை: பூனையை அகற்றவும்.'

"எடுத்துடு லா" என்றான் தனேஷ். "கிராஃப் அழகா இறங்கும். மாசக் கடைசியில கிளையன்ட் வராங்க."

"பாஸ், அது பூனைகிட்ட பேசுறது இல்ல."

"பின்ன?"

அனுசியா விளக்கினாள். தனேஷ் கேட்டுவிட்டு, "அப்ப பூனைங்கிற எடத்துல அத்தைன்னு மாத்து. ஒரு வரிதானே?" என்றான். ஒரு வரிதான். அவள் மாற்றினாள்.

(இந்த இடத்தில் அவளைத் தடுத்திருக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் கதை நடக்க வேண்டுமே.)

5

சனிக்கிழமை காலை பெம்பானில் அவளே பெட்டியைச் செருகினாள். மோகனா அடுப்படியிலிருந்து, "பூன, தேத்தண்ணி ஆறுது" என்றார்.

பூனைக்கு எதையும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாமல் இதுவரை வாய்மூடி இருந்த பெட்டி, ஆள் யாரென்று தெரிந்ததும் செய்தி வாசிப்பவர் தமிழில் பேசியது. "திலகவதி அவர்களே, மோகனா அவர்கள் தங்களிடம் கூறுவது: தேநீர் ஆறுகிறது. உணர்வு: அக்கறை, எண்பத்தொரு விழுக்காடு."

மோகனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்; கூடத்தில் திலகவதி நிமிர்ந்தார். பூனைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"திலகவதி அவர்களின் மௌனம்: கூச்சம், எழுபது விழுக்காடு."

"யாருக்கு அக்கற? நான் பூனகிட்டதான் பேசினேன்!" என்று கத்தினார் மோகனா.

"பொய்," என்றது பெட்டி, "தொண்ணூற்றாறு விழுக்காடு."

மோகனா வயரைப் பிடுங்கி எறிந்தார். திலகவதி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தேநீரைக் குடிக்கவில்லை.

[இந்தத் தொண்ணூற்றாறு பற்றி ஒரு குறிப்பு. முதலில் நூறு என்று எழுதியிருந்தேன். பொய்யில் நான்கு விழுக்காடாவது நிஜம் இருக்க வேண்டும் என்று தோன்றியதால் குறைத்தேன். தனேஷ் சம்மதிக்க மாட்டான்.]

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஒருவருக்கு மற்றவர் மீது அக்கறை உண்டு என்பது ஏழு வருடமாக இரண்டு பேருக்குமே தெரியும். தனக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் காலம் ஓடியது. அதைப் பெட்டி சபையில் போட்டு உடைத்துவிட்டது. இனிமேல் பூனையிடம் எந்த முகத்தோடு பேசுவது? பூனை ஒவ்வொருவர் முன்னாலும் போய் உட்கார்ந்து பார்த்தது. யாரும் அதைத் திட்டக்கூட இல்லை. பாவம், அதற்கு வேலை போய்விட்டது.

பத்தாம் நாள் திலகவதி அனுசியாவுக்கு போன் செய்தார். "அத்த மூவாருக்குப் போறேன்மா. அக்கா மகன் வீட்டுக்கு. இனிமே அங்கதான்."

6

அனுசியா எமர்ஜென்சி லீவு போட்டுவிட்டு ஓடி வருகிறாள். வழியில் அவள் பயப்படுவது கிளையன்டை நினைத்து அல்ல. அத்தை போய்விட்டால் அம்மா தனியாகிவிடுவார், அதைச் செய்தது தன்னுடைய ஒரு வரி. இதற்கு விழுக்காடு போட அவளுக்கு மனம் வரவில்லை. 

இனி முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) அனுசியா பெட்டியை மன்னிப்புக் கேட்க வைக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். (எழுதிய எனக்கே சிரிப்பு வரவில்லை.)

ஆ) அந்தப் பதினோரு போன் விஷயத்தை நானே திலகவதியின் காதில் போட்டுவிடுகிறேன். அவர் அழுகிறார், ஊருக்குக் கட்டிய பையை இறக்கி வைக்கிறார். இதை முழுப் பக்கம் எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒருத்தர் மனதில் இருப்பதை இன்னொருவரிடம் அவரைக் கேட்காமல் போட்டு உடைத்ததற்குத்தானே அந்தப் பெட்டியை இத்தனை நேரம் கேலி செய்தேன்? கிழித்துவிட்டேன்.

இ) பூனை வாசலில் வந்து உட்காருகிறது. மோகனா அதனிடம், "போகாத" என்கிறார். எல்லாம் பழையபடி. இது எனக்குப் பிடித்த முடிவு. பிடித்ததாலேயே சந்தேகம் வந்து, பூனையைப் பக்கத்து வீட்டு உஷாராணி மீன் ஆயும் இடத்துக்கு அனுப்பிவிட்டேன். என்னைத் திட்டாதீர்கள்.

ஆக, இப்போது இருப்பது இதுதான்.

7

வாசலில் கிராப் வாடகைக் கார். திலகவதி பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்துவிட்டார். யாரிடமாவது போயிட்டு வரேன் என்று சொல்லாமல் படியிறங்கி அவருக்குப் பழக்கமில்லை. அனுசியாவிடம் சொல்லிவிட்டார். இன்னும் நிற்கிறார்.

அடுப்படியிலிருந்து மோகனாவின் குரல் வருகிறது. தரையைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

"ஏ பூன, பிரஷர் மாத்திர மேசையிலேயே கெடக்கு. மூவார்ல ஒனக்கு யாரு ஞாபகமா எடுத்துக் குடுப்பா?"

கூடத்தில் பூனை இல்லை. மோகனாவுக்கும் அது தெரியும். 

திலகவதி பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் பார்க்கிறார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்க்கிறார்.

"பூன இங்க இல்ல, மோகனா."

இதற்கு மோகனா ஏதாவது சொல்லியாக வேண்டும். அனுசியாவுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்கும் தெரியாது. நான் எழுதிப் பார்த்த நான்கு பதிலும் என் குரலில்தான் இருந்தன, மோகனாவின் குரலில் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் உங்களுக்கு வரக்கூடும். எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள், கார்க்காரன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்துவிட்டான்.