குட்டியின் குழாயில் பிள்ளையின் வைரஸ்

நோன்பு மாதம் பிறந்தால் மொனாஸ்தீர் நகரத்து ஆய்வகத்தில் காபி இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். அந்தத் துணியைப் பார்த்தாலே ஹயாத்துக்குத் தலை வலிக்கும். அன்று வலித்ததற்குக் காரணம் காபி அல்ல, கணினித் திரை.

குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் வயிற்றுப்போக்கு கொடுக்கிற வைரஸ்களின் மரபணுவைப் படித்து, எது யாருடையது என்று சொல்வதுதான் அவள் ஆராய்ச்சி. ஜெம்மால் பக்கத்துக் கிராமத்தில், மப்ரூக்கா என்பவளின் வீட்டு முற்றத்தில் இரண்டு மல மாதிரிகள் எடுத்து வந்திருந்தாள். ஒன்று மப்ரூக்காவின் மகன் வஜ்தியுடையது, நடை பழகும் பிள்ளை. மற்றது அந்த வீட்டுச் செம்மறிக்குட்டியுடையது. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் கழிச்சல். இப்போது திரையில் பிள்ளையின் மாதிரிக் குழாயில் ஆட்டு வைரஸ் இருக்கிறது, குட்டியின் குழாயில் மனித வைரஸ். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது அவளுக்கு.

"குழாய மாத்திட்டே," என்றாள் பக்கத்து மேசை நபீஹா. "நோன்பு மண்டைக்கு ஏறிடுச்சுடி உனக்கு. நேத்து நான் உப்புன்னு நெனச்சு சூப்புல சர்க்கரையக் கொட்டினேன். எம் புருஷன் இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசல."

"நான் மாத்தலடி. பேரெழுதித்தான் வெச்சேன்."

"எப்ப எழுதினே?"

ஹயாத் எழுதியது நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால். அந்த நேரத்தில் இந்த ஊரில் வண்டியோட்டுகிறவனுக்கே தான் எங்கே போகிறோம் என்பது மறந்துவிடும். மூடியில் பெயர் எழுதியது நினைவிருந்தது. எந்த மூடி எந்தக் குழாய்க்குப் போனது? யோசிக்க யோசிக்கக் கை இப்படிச் செய்தது போலவும் இருந்தது, அப்படிச் செய்தது போலவும் இருந்தது.

துறைத் தலைவர் ஷாத்லி கூப்பிட்டனுப்பினார்.

"மாத்தினியா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு. மாத்தலேன்னா ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் வைரஸ் தாவியிருக்குன்னு அர்த்தம். பெரிய விஷயம், உன் ஆராய்ச்சியே அதுல நிக்கும். மாத்திட்டேன்னா தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுப்போம்."

மாற்றவில்லை என்றுதான் சொல்ல வந்தாள். பசியும் குழப்பமுமாக வேறு வார்த்தை வந்து விழுந்தது.

"மாத்திட்டேன் போலிருக்கு சார்."

நுணலும் தன் வாயால் கெடும். அன்றைக்கே இரண்டு மாதிரிகளும் கொதி ஆவியில் வெந்து குப்பைக்குப் போயின.

பெருநாள் முடிந்த பிறகுதான் மறுபடி ஜெம்மால் போக முடிந்தது. போன தடவை முற்றத்தோடு ஓடிவிட்டவளை மப்ரூக்கா இந்த முறை விடவில்லை. அடுப்படியில் உட்காரவைத்துத் தேநீரும் பெருநாள் பலகாரமும் கொடுத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் குட்டி கட்டிக் கிடந்தது. மப்ரூக்கா பால்புட்டியில் பாலை ஊற்றி அதன் வாயில் வைத்தாள். தள்ளாடி வந்த வஜ்தி ரப்பரைக் குட்டியின் வாயிலிருந்து பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான். குட்டி அவன் தோளில் முட்டியது. அவன் நியாயஸ்தன், திருப்பிக் கொடுத்தான்.

ஹயாத்தின் கையிலிருந்த தேநீர் மடியில் சிந்தியது.

"அக்கா, எப்பவுமே இப்படித்தானா?"

"தாய் செத்த குட்டிம்மா. வீட்ல புட்டி ஒண்ணுதான். கழுவிட்டுத் தரேன்னா இந்தத் தடியன் எங்க விடறான்? அண்ணன் தம்பிங்க தோத்தாங்க போ."

வைரஸ் தாவியது இந்த ரப்பர் வழியாகத்தான். அவள் கை தப்புச் செய்யவில்லை! குழப்பமெல்லாம் ஒரே நொடியில் கரைந்து, ஹயாத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இன்னும் போகுதா அக்கா, ரெண்டுக்கும்?"

"அல்லாஹ் காப்பாத்தினான், எப்பவோ நின்னுடுச்சு. ஏம்மா, பிள்ள நல்லாயிட்டான்னு சொல்றேன், உனக்கு எதுக்கு மூஞ்சி தொங்குது?"

ஹயாத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பிள்ளைக்கு இன்னும் கழிச்சல் இருக்கக்கூடாதா என்று அவள் மனம் நினைத்துவிட்டது. பாவி மனம். வஜ்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று எடுத்து வந்த புதிய மாதிரிகளில் வைரஸ் ஒன்றுமே இல்லை. துடைத்துவைத்தது போல இருந்தன.

"நான் மாத்தல சார்," என்றாள் ஷாத்லியிடம். புட்டிக் கதையைச் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"மாத்திட்டேன்னு சொன்னதும் நீதான், மாத்தலேன்னு சொல்றதும் நீதான். நான் எத நம்பட்டும்?"

இப்போது ஹயாத்துக்குப் பதில் தெரியும். காட்டத்தான் கையில் ஒன்றும் இல்லை.