தம்பி பூசிய சுவர்

குன்றின் தோளில் ஞாயிறு கையூன்றி ஏற, அதன் அடியிலிருந்து வளைந்திறங்கும் கல்பாவிய தெரு பனியில் நனைந்து பளபளக்க, இருமருங்கும் நெருங்கிய வீடுகள் புறங்கூறுவோர்போல் ஒன்றன்மேல் ஒன்று தலைசாய்த்து நிற்க, உச்சியிலிருந்த பழங்கோயிலின் மணி, உலா நாளுக்கு இன்னும் இருபதே நாள் என ஊருக்கு உரைத்து ஓய்ந்தது. பண்புசால் படிப்போரே, பிறர் வீட்டுச் செய்தி நமக்கெதற்கு என்று கேட்கும் நல்லோர் எவரும் இத்தெருவில் குடியிருந்ததில்லை. ஆதலால் நாமும் கூசாமல் ஏழாம் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம்.

அங்கே வாழ்ந்தவள் ஒரு தையற்காரி. கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள், ஊரார் உடலளவுகளையெல்லாம் நெஞ்சில் பூட்டி வைத்து, யாருக்கு இடுப்புப் பெருத்தது என்பதைக் கேட்டவர்க்கு மட்டுமே சொல்லும் பெருந்தன்மை உடையவள். அவள் அடுக்களைச் சுவரில் ஓராள் குந்தியிருக்கும் அளவில் ஒரு மாடம் குடையப்பட்டிருந்தது. முன்னொரு காலத்தில் பகைப்படை குன்றேறிக் கோயிலைச் சூறையாடியபோது, அவள் முன்னோர் திருவுருவத்தைச் சுமந்துவந்து அம்மாடத்துள் இருத்தி, முன்னே விறகடுக்கி, மூன்று திங்கள் காத்தனர். அந்நன்றியால், உலாவரும் திருவுருவம் ஆண்டுதோறும் அவள் வாயிலில் நிற்கும். ஒரு திரி எரிந்து அவியும் பொழுதுவரை ஊரே வாய்மூடி நிற்கும். ஆண்டெல்லாம் குனிந்து தைப்பவள் தலைநிமிரும் பொழுது அஃதொன்றே.

அவ்வாண்டு தொல்பொருள் காக்கும் துறையினர் வரவிருந்தனர். திருவுருவம் ஒளிந்திருந்த வீடு எதுவென ஆய்ந்து, வாயிலில் கல் நாட்டுவர். கல் நிற்கும் வாயிலிலேயே இனி உலாவும் நிற்கும். தெருக்கோடியில் வாழ்ந்த எண்ணெய் ஆலைக்காரரோ, அம்மாடம் தம் வீட்டில்தான் இருந்தது எனச் சில ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்; கேட்டவர்கள் எண்ணெயை எடுத்துக்கொண்டு பேச்சை அங்கேயே விட்டுவந்தனர்.

இந்நிலையில்தான், தாயிழந்த நாள்முதல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவனும் இப்போது ஊர்மெச்சும் கொத்தனுமான தம்பி, கரண்டியும் சாந்துச்சட்டியுமாக வந்து நின்றான்.

"அக்கா, அடுக்களைச் சுவரு ஓதம் ஏறி உதிருதே. வர்றவங்க பார்த்தா, கொத்தனாரோட அக்கா வீடா இதுன்னு என்னைத்தான் காறித் துப்புவாங்க."

"கூலிக்கு நான் எங்கடா போவேன்?"

"உன்கிட்ட கூலி வாங்குனா என் கை அழுகிடும். நீ நம்ம வீட்டுக்குப் போய் என் மவளுக்கு நிச்சயத் துணியத் தைச்சுக் குடு. ரெண்டு நாள் அங்கேயே இரு. இந்தத் தூசி உன் நெஞ்சுக்கு ஆகாது."

"நிச்சயமா! மாப்பிள்ளை யாருடா?"

"பேச்சு நடக்குது. முடிஞ்சா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்."

இரு நாள் கழித்து, மருமகளின் துணியில் கடைசி இழைவரை அன்பைக் கோத்து முடித்துத் திரும்பியவள், கழுவிய தட்டுப்போல் வழவழத்த சுவரைக் கண்டு திகைத்தாள். "மாடம் எங்கடா?" என்றாள். "ஓதம் உள்ள இறங்காம மேல மெல்லிசா ஒரு பூச்சுதான்க்கா. காஞ்சதும் நானே தட்டி விட்டுடறேன்," என்றான் அவன். நம்பினாள். நடைபழக விரல் கொடுத்தவள், அவ்விரலைப் பிடித்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

அத்துறை அலுவலர் வந்தார், ஓலைச்சுவடியைத் திறப்பவர்போல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் மெல்ல நுழைந்தார். தையற்காரி சுவரைக் காட்டி, "இதுக்குப் பின்னால இருக்குங்கய்யா. தம்பி, தட்டுடா," என்றாள். அலுவலரே விரல்முட்டியால் தட்டினார். உட்குழிவின் ஓசை எழவில்லை. மலையைத் தட்டினாற்போல் கல்லின் மந்த ஒலியே விடையாயிற்று.

தம்பி நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "இந்தச் சுவருல ஒண்ணும் இல்லைங்க. நான்தானே பூசுனேன். சின்ன வயசுல கேட்ட கதைய அக்கா அப்படியே புடிச்சுக்கிட்டா."

மாடத்தைக் கண்ணாரக் கண்ட அரைத்தெருவினர் வாயிலில் நின்றிருந்தனர். ஆயினும் அனைவர் வீட்டு விளக்கிலும் எரிவது ஆலைக்காரர் எண்ணெய் ஆதலால், எல்லாரும் ஒரே பொழுதில் கூரையை ஆராயத் தொடங்கினர். நாமும் ஆராய்ந்தோம், மறைப்பதற்கில்லை.

ஆலைக்காரர் வீட்டிலோ, மாடம் திறந்தே கிடந்தது. பல தலைமுறைப் புகை படிந்தாற்போல் கறுத்தும் இருந்தது. கூட்டத்தோடு போய்ப் பார்த்த தையற்காரி, அதன் விளிம்பு கட்டைவிரலால் வழித்துவிடப்பட்டிருந்ததைக் கண்டாள். அவ்வாறு வழித்து முடிக்கும் கை அவ்வூரில் ஒன்றே. அந்தக் கைக்கு எத்தனையோ முறை சோறு பிசைந்து வைத்தவள் வீடு திரும்பினாள்.

அடுக்களைச் சுவரைக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழம் குத்திப் பார்த்தாள். கல்லும் சாந்துமாய்க் கெட்டித்திருந்தது. பிறகு அவளே நிறுத்தினாள். இனி அவள் குடைந்து காட்டினால், அதுவன்றோ புதிதாய்க் குடைந்த பொய் எனப்படும்! உண்மையைப் பொய்போலும் பொய்யை உண்மைபோலும் ஒரே கிழமையில் கட்டி முடித்த அவன் தொழில்திறத்தை நாமும் மெச்சத்தான் வேண்டும்.

உலா நாளும் வந்தது. கல் ஆலைக்காரர் வாயிலில் நின்றது. எனினும், திருவுருவம் சுமந்தவர்களின் கால்கள் ஏழாம் வீட்டெதிரே தாமாகவே தளர்ந்தன. பின்வந்தோர் பேச்சும் பாதியில் அவிந்தது. கதவிடுக்கில் நின்றவள் மூச்சை அடக்கினாள். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "இங்க இல்லப்பா, நடங்க, நடங்க!" என்று விரட்டியது. அது யார் குரலென்று அவள் எட்டிப் பார்க்கவில்லை; தான் வளர்த்தவன் குரலை அறியப் பார்க்கத் தேவையுமில்லை.

மாலையில் தம்பி வந்தான்.

"அக்கா, நாளைக்கு நிச்சயம். பையன் ஆலைக்காரர் மவன். நீதான் முன்ன நிக்கணும்."

"ஊருக்கே தெரிஞ்சப்புறம் எனக்குத்தான் முதல்ல சொல்றியா?"

"சம்பந்தம் பேச அவரு இந்த மாடத்தை மட்டும்தான்க்கா கேட்டாரு. பொண்ணு வாழ்க்கை. நான் என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

அவள் ஊசியில் நூல் கோத்து முடிச்சிட்டாள்.

"உன் மவ பேரைச் சொல்லிக் கேட்டிருந்தா, நானே ஆலைக்காரர் வாசல்ல போய் நின்னு, இதுதான் அந்த வீடுன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்லையேடா."

 அவன் படியிறங்கினான். இனி இத்தெருவில் பிறக்கும் குழந்தைகள் ஆலைக்காரர் வாயிலையே தொழுது வளரும். அவை அறியாதவை, அவற்றின்மேல் குற்றமில்லை. ஆனால் கேட்டிருந்தால் கைநிறையக் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றைக் களவாடியவன், அக்களவில் தான் இழந்தது இன்னதென்று அறியாமலே, விருந்துக்கு ஆள் அழைக்க அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.