தும்மல் நின்ற மாதங்கள்

மாத்தளையை அடுத்த அலுவிகாரையில், மிளகாய்த்தூள் மில்லின் முன்கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். வாசலோரக் கதிரையில் முதலாளி பதுர்தீன். கணக்கு மேசையில் அவர் மனைவி மஸீனா. மல்லிச் சாக்கின் மேல் நெஞ்சைப் பிடித்தபடி, மிளகாய் அரைக்கும் வேலம்மா. ஸ்டூலில், எதிரே தையல் கடை வைத்திருக்கும் சிங்களப் பெண் சோமா நோனா. 1991, நோன்புக்கு முந்திய வாரம். ஓர்டர்கள் குவிந்து கிடந்தன.

காலையிலேயே வேலம்மா மெஷினடியில் மயங்கிச் சாய்ந்துவிட்டாள். அதிலிருந்து மஸீனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரைக்கும் அறைக் காற்றைத் துணி ஃபில்டர் வழியாக இழுத்து வெளியே தள்ளுவது சுவர்க் காற்றாடி. அந்தத் துணியை மாற்றுங்கள் என்று மழை விட்டதிலிருந்து நச்சரிக்கிறாள்.

மில்லுக்கு ஒரு வழக்கம் இருந்தது. துணி கிழிந்தால் தூள் தெருவைத் தாண்டும். சோமா நோனா தும்மிக்கொண்டே சண்டைக்கு வருவாள். அதற்குப் பிறகுதான் புது ஃபில்டர்.

"நோனாவையே கேப்பமே. தும்மல் வருதா?" என்றார் பதுர்தீன்.

"அனே, இல்ல முதலாளி! ரெண்டு மூணு மாசமா ஒண்ணுமில்ல. சண்டை பிடிக்காம எனக்குத்தான் பொழுது போகல்ல."

"கேட்டியா மஸீனா? ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு. நோன்பு முடியட்டும். இப்ப நிப்பாட்டினா கடைக்காரனெல்லாம் மாத்தளை மில்லுக்குப் போயிருவான்."

வேலம்மா எழுந்தாள். "இப்ப தேவலைங்கம்மா, நான் வேலைக்குப் போறேன்." அரைக்கும் அறைக் கதவை எட்டுமுன் இருமல் அவளை மடக்கிப் போட்டது.

மஸீனா ஒரு தாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். காற்றாடி இரைந்து சுழன்றது. அது காற்றைத் தள்ளும் வாயருகே தாளைப் பிடித்தாள். தாள் அசையவே இல்லை. திரும்பி ஓடி வந்தாள்.

"காத்தே வெளிய வரல்லங்க! துணி அடைச்சிப் போச்சு. நோனா தும்மாதது அதாலதான். அவ்வளவு தூளும் உள்ளுக்கு இவ நெஞ்சுக்குப் போகுது."

"சும்மா பயப்படுத்தாத" என்று அரைக்கும் அறைக்குள் போன பதுர்தீன், போன வேகத்தில் கண்ணும் மூக்கும் ஒழுகத் திரும்பி வந்து, தடவித் தடவி மெயின் சுவிட்சை இறக்கினார். மில் அடங்கியது. அவர் தும்மல் அடங்கவில்லை.

"இப்ப நான் சண்டைக்கு வரட்டா?" என்றாள் சோமா நோனா.

மஸீனா கொழும்பு ஃபில்டர் கடைக்குக் கடிதம் எழுதினாள்: ஃபில்டர் இரண்டு வேண்டும், ஒன்று கையிருப்புக்கு. இனிக் காற்றின் வேகம் குறைந்ததுமே மாற்றப்போகிறோம். உள்ளே இருப்பது இன்னதென்று பார்சலின் மேல் சிங்களத்திலும் எழுதுங்கள். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் குண்டோ என்று குத்திப் பார்த்தால் துணி பாழாகிவிடும்.

"நோன்பு ஓர்டர்?" என்று கேட்டார் பதுர்தீன்.

"போறது போகட்டும்ங்க. துணி வராம வேலம்மா உள்ள போகமாட்டா."

அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டார். உறையை ஒட்டி, தெருவில் இறங்கிக் கொழும்பு பஸ்ஸை மறித்து, கண்டக்டர் கையில் கொடுத்தார்.