பேனலுக்குப் போட்ட பந்தல்

"பதினொரு மணிக்கு மேல மில்லை ஓட்ட மாட்டேன்னு எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க? வாய்ல மாவு அடைச்சிருந்துச்சா அப்போ?"

"ஓட்டலைம்மா. கதவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு படுத்திருந்தேன்."

"நீங்க படுத்திருந்தீங்க, என் மிஷினும் படுத்துருச்சு. சட்டை பாதிக் காலரோட நிக்குது."

"உங்க மிஷின் படுத்தா என்னை ஏன் எழுப்புறீங்க? பழைய மோட்டாரை வாங்கி மாட்டிக்கிட்டு, ஊர்க் கரண்டையெல்லாம் அதுதான் குடிக்குதோ என்னவோ."

வியாழக்கிழமை மத்தியானம் டெய்லரக்காவும் மில்லுக்காரரும் இப்படித்தான் பேட்டரிப் பெட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே அந்தப் பெட்டிதான். நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கதவைச் சாத்தினாலும் கேட்டது. நான் சாத்தவில்லை, அவ்வளவுதான்.

பெட்டி என்றால் கையில் தூக்குகிற பெட்டியில்லை. லாரியில் வந்து இறங்கிய இரும்பு அறை. உள்ளே சுவர் முழுக்க பேட்டரி. தெருவுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வரிசைக்குப் பத்தாக நான்கு வரிசை சோலார் பேனல். அவை வெயிலைக் கரண்டாக்கிப் பெட்டிக்கு அனுப்பும், பெட்டி அதைக் கம்பி வழியாக வீடுகளுக்கு அனுப்பும். பெரிய லைன் எங்கள் பக்கம் வருகிறது வருகிறது என்று எங்கள் கல்யாண காலத்திலிருந்து சொல்லி, கடைசியில் ஒரு கம்பெனி வந்து இதைப் போட்டுக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, என் வீட்டுக்காரர் ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

லைட்டுக்கு ஒரு லைன், மிஷினுக்கு ஒரு லைன். மிஷின் லைனில் இருந்தது இரண்டே பேர். மில்லுக்காரர் அதற்கு முன்னால் டீசலில் மாவு அரைத்தார்; தெருவே இருமும். டெய்லரக்கா இருபது வருஷம் காலால் மிதித்துத் தைத்தவள். வலது முட்டி தேய்ந்துபோய், "மிஷினை மிதிக்கிறதை விடுங்க, இல்லன்னா நடக்கிறதையும் சேர்த்து விடணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் மோட்டார் மாட்டினாள். பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் மொத்தமும் இப்போது அவள் கையில். அந்த மோட்டாருக்குக் கரண்ட் இல்லையென்றால் அவள் கடையைக் கட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புருஷன் செத்துப்போய்ப் பத்து வருஷம் தனியாக நின்று காட்டியவள். அண்ணன் வீட்டில் தையல் மிஷின் வைக்க இடம் கிடையாது. அவளை வைக்க இடம் இருக்கிறதா என்பது அண்ணி அன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள் என்பதைப் பொறுத்தது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மில்லும் மோட்டாரும் சேர்ந்து ஓடி, மேகமும் சேர்ந்து வந்து, பெட்டி மிஷின் லைனை வெட்டிவிட்டது. வருகிற கரண்டைவிடச் செலவாகிற கரண்ட் கூடினால் அது அப்படித்தான் செய்யும். பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை நாங்கள் பெட்டிப் பொண்ணு என்போம். அவள் உடனே ஒரு அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினாள்: எட்டிலிருந்து பதினொன்று வரை மில், பதினொன்றிலிருந்து மூன்று வரை தையல். சரியான ஏற்பாடு. ஒரே ஒரு நாள் ஓடியது. புதன்கிழமை ஒன்றரை மணிக்கு லைன் நின்றது. வியாழக்கிழமை பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்று பெட்டிப் பொண்ணு வாசலுக்கு வந்தாள். "நாளைக்குக் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் சார் வர்றார். அவர் பார்த்தும் சரியாகலைன்னா மிஷின் லைனையே கழட்டிடுவாங்க. லைட் மட்டும்தான் இருக்கும்."

டெய்லரக்கா அதற்குமேல் பேசவில்லை. பேசாத டெய்லரக்காவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

"பேனல்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்று மில்லுக்காரர் குரலை இறக்கிக் கேட்டார்.

"காலையில ஏழு மணிக்கு நானே ஏறிக் கழுவுறேன். பளபளன்னு இருக்கு."

இருக்கும். அந்தப் பெண்ணிடம் கம்பெனி ஒரு தாள் கொடுத்திருந்தது. காலை ஏழுக்குப் பேனல் கழுவு. பதினொன்றிலிருந்து இரண்டு வரை பெட்டியை விட்டு நகராதே, அரை மணிக்கு ஒரு தடவை மீட்டரில் ஓடும் எண்ணை எழுது. மாலை ஐந்துக்கு வேலியைப் பார். தாளில் இருப்பதைத் தாண்டி அவள் தும்மக்கூட மாட்டாள். மத்தியானத்தில் அந்த எண் எப்படியெல்லாம் சரிகிறது என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். மேலே ஏறிப் பார் என்று தாளில் இல்லை, அவளும் ஏறவில்லை.

இந்த இடத்தில் பந்தல்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்லது கெட்டது எதுவானாலும் வாசலில் பந்தல் போடுகிறவர். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் இல்லை. கம்புகளோடு பேசிப் பேசி மனுஷர்களோடு பேச மறந்துவிட்டவர். பேனல் நிற்கிற மேடு அவருடையதுதான். வேலிச் சாவியும் காவலும் அவரிடம். அந்த வாரத்தில் அவர் மூன்று தடவை டெய்லரக்கா கடைக்குப் பச்சைத் துணியோடு வந்தார். இத்தனை நீளம், இத்தனை அகலம், ஓரத்தில் கயிறு கட்ட வளையம், அவசரம். எதற்கு என்று அவள் கேட்டால் காதைச் சொறிவார். கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் யூனிஃபார்மை ஒதுக்கிவிட்டு அவளும் தைத்துக் கொடுத்தாள். ஏன் ஒதுக்கினாள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். மாவு வாங்குகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு இன்ஜினியர் தம்பி பைக்கில் வந்தார். முகத்தில் பாதி தூசி, பாதி அலுப்பு. தெருவே பெட்டி முன்னால் கூடிவிட்டது. மில்லுக்காரர் தன் மில்லின் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்து எல்லார் கண்ணும் பார்க்க அவர் கையில் வைத்தார்.

"இதை நீங்களே வச்சுக்குங்க சார். இனிமே என் பேரை எடுத்தா நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும்?" என்றாள் டெய்லரக்கா. ஆனால் சுரத்தில்லை. தன் கடைக்குள் போய் மோட்டாரைப் போட்டாள். கர்ரென்று ஓடியது. இன்ஜினியர் தம்பி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் இறங்கியது. சிறிது நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். தையல் நின்றது.

மணி பதினொன்று நாற்பது. மில்லின் ஃபியூஸ் இன்னும் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது.

டெய்லரக்கா நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். கையில் மிஷினை மூடுகிற உறை. அதை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இருக்கிற சட்டையைக் கையாலயே முடிச்சுக் கொடுத்துடறேன். அப்புறம் அண்ணனுக்கு ஃபோன் போட்டுடலாம்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மில்லுக்காரர் தரையைப் பார்த்தார். "நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் உங்க மோட்டாரைச் சொன்னேன்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். "என்னதான் பண்றது தம்பி. இந்தப் பேனலுக்கு இதுக்குமேல என்ன செய்ய முடியும். காலையில குளிப்பாட்டுறோம், மத்தியானம் வெயில் படாம போர்த்தி விடுறோம். பெத்த பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்ததில்லை."

இன்ஜினியர் தம்பி மெதுவாகத் திரும்பினார். "என்ன பண்றீங்க?"

"போர்த்தி விடுறோம். பச்சைத் துணியால. எங்க மாடியிலிருந்து நல்லாத் தெரியும். கம்பெனி ஏற்பாடுதானே?"

"எங்க வீட்லருந்தும் தெரியும்" என்றார் மூலைவீட்டுக்காரர். "நேத்து ரெண்டு துணி, இன்னிக்கு மூணு. வெயில் தாழ்ந்ததும் எடுத்துடறாங்க."

பார்க்காத ஆளில்லை தெருவில். மத்தியானம் மில்லுக்குள்ளேயே கிடந்த மில்லுக்காரரும், முட்டியால் மேட்டுப் பக்கமே போகாத டெய்லரக்காவும், தாளைத் தாண்டாத பெட்டிப் பொண்ணும், இந்த மூன்று பேர் மட்டும்தான் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்து, அழகாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்திருந்தோம்.

மேட்டுக்கு ஊர்வலம் கிளம்பியது. டெய்லரக்காவை மில்லுக்காரர் தன் மூட்டைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். "கனமா இருக்கேனா?" என்று அவள் கேட்டதற்கு, "ரெண்டு மூட்டைதான்" என்றார். பெட்டியை விட்டு நகரக்கூடாதென்று பெட்டிப் பொண்ணு மட்டும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

மேலே, மூன்று வரிசைப் பேனல் பச்சைத் துணிக்கடியில் குளுகுளுவென்று இருந்தது. இழுத்துக் கட்டிய நேர்த்தியைச் சொல்ல வேண்டும். ஒரு சுருக்கம் இல்லை. பக்கத்தில், மொட்டை வெயிலில், தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல் பந்தல்காரர் காவல் உட்கார்ந்திருந்தார். வெந்து சிவந்து போயிருந்தார்.

டெய்லரக்கா வண்டியிலிருந்து இறங்கித் துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். இரட்டைத் தையல், பச்சை நூல். அவள் கைவேலை.

"இதுக்குத்தான் அவசரம் அவசரம்னு தைக்கச் சொன்னீங்களா?"

பந்தல்காரர் எழுந்து நின்றார். காதைச் சொறிந்தார். பிறகு நாங்கள் எல்லாரும் வாழ்நாளில் அவரிடமிருந்து கேட்டதைவிட அதிகமாகப் பேசினார்.

"அன்னிக்கு மத்தியானம் உங்க மிஷின் சத்தம் திடீர்னு நின்னுச்சுங்க. மேகம் விலகி உச்சி வெயில் அடிச்சுது. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன், கை பொரிஞ்சுது. பாவம், தாங்காம சுருண்டுருச்சு போலன்னு ஒரு துணி போட்டேன். போட்ட அன்னிக்கும் நின்னுச்சு. சரி, ஒண்ணு பத்தலைன்னு ரெண்டாவது போட்டேன். அப்பவும் நின்னுச்சு. அதான் இன்னிக்கு மூணு. இதுவும் பத்தலைன்னா நாலாவது கொடுக்கலாம்னு..."

இன்ஜினியர் தம்பி வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். "வெயில் பட்டாத்தாங்க கரண்டே" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "சூடு ஏறினா கொஞ்சம் குறையும்தான், அண்ணன் சொல்றது முழுசா தப்பில்லை. ஆனா போர்த்தினா..." அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"என் மிஷின் சத்தத்தை நீங்க எதுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் டெய்லரக்கா.

பந்தல்காரர் மறுபடி காதைச் சொறிந்தார். ஏற்கெனவே வெயிலில் சிவந்திருந்த ஆள் இன்னும் சிவக்க முடியும் என்பதை எல்லாரும் பார்த்தோம்.

மில்லுக்காரர் முதல் துணியின் கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் ஆளுக்கொரு மூலை பிடித்தோம். கீழே பெட்டிப் பொண்ணு எண்ணைப் படிக்க, இன்ஜினியர் தம்பி ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். கரகரவென்று அவள் குரல் மேடு முழுக்கக் கேட்டது. "நாலு... அஞ்சு... ஏழு." இரண்டாவது துணி. "பதினொண்ணு." மூன்றாவது சரிந்து விழுந்ததும், "பதினஞ்சு சார், பதினஞ்சு, இந்த வாரம் மத்தியானத்துல இந்த எண்ணைப் பார்க்கவே இல்லை" என்று அவள் சொன்னபோது எங்களுக்கு என்ன எண் என்று புரியாவிட்டாலும் கைதட்டினோம்.

அன்றைக்குப் பகல் ஒரு மணிக்கு மில்லும் ஓடியது, மோட்டாரும் ஓடியது, இரண்டும் ஒன்றாக. அட்டையைக் கிழிக்கலாமா என்று பெட்டிப் பொண்ணு கேட்டதற்கு இன்ஜினியர் தம்பி, "மேகம் வர்ற நாளைக்கு வச்சுக்குங்க" என்றார். மிஷின் லைன் இருக்கும் என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டெய்லரக்கா அந்தத் தாளை மிஷினுக்கு மேல் ஊசியால் குத்திவைத்து, நின்றுபோன காலரிலிருந்து தைக்க ஆரம்பித்தாள். சனிக்கிழமை எல்லாச் சட்டையும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. ஒன்றில் மட்டும் அதே பச்சை நூலில் தைத்த பட்டன் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதியதைத் தவிர.

பந்தல்காரருக்கு டெய்லரக்கா ஒரு தண்டனை போட்டாள். தினம் பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு எதையும் போர்த்தலைங்க" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு வாரம் நின்றுகொண்டு சொன்னார். அடுத்த வாரம் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். மூன்றாவது வாரம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுவிட்டும் போனார். கதவு திறந்துதான் இருந்தது, எனக்கு எல்லாம் தெரியும்.

நான்காவது மாதம் அவர்களுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் பந்தல் போட்டவர் தனக்குப் போடும்போது நிழல் பேனல் பக்கம் விழாதபடி மூன்று தடவை கம்பை மாற்றி நட்டார். கூடவே அந்த மூன்று பச்சைத் துணியும் மேலே. மாப்பிள்ளை வீட்டில் ஆள் இல்லையென்று மில்லுக்காரர் அண்ணனாக நின்றார். பெண்ணின் அண்ணி வந்திருந்தாள். தன் வீட்டில் இடம் ஒதுக்க வேண்டாமல் போனதில் அவளுக்குத்தான் யாரையும்விடச் சந்தோஷம். பெட்டிப் பொண்ணை வேறொரு ஊரில் புதுப் பெட்டி வைக்க அனுப்பிவிட்டார்கள். போகும்போது கம்பெனித் தாளின் கடைசியில், மத்தியானம் ஒரு தடவை மேலே ஏறிப் பார் என்று தன் கையால் எழுதிவைத்துவிட்டுப் போனாள்.